தலைகீழாய் இறங்கும் புறா: பழைய சமய நகைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய கிறித்தவ நகைகளில் காணப்படும் புறா உருவத்தைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இம்மாதம் விடை எழுதுகிறேன். முதல் கடிதம் அவசரமானது என்பதால் அதற்கு மட்டும் அஞ்சலிலும் பதில் அனுப்பிவிட்டேன்.

எங்கள் பாட்டியின் பெட்டியில் வெள்ளி டாலர் ஒன்று கிடைத்தது. இறக்கை விரித்த பறவை; உடல் முழுவதும் வெள்ளைக் கற்கள்; அலகில் ஒரு சிறு கிளை. மாட்டும் வளையம் வால் பக்கம் இருப்பதால், சங்கிலியில் கோத்தால் பறவை தலைகீழாகத் தொங்குகிறது. நகைக்கடையில் காட்டியபோது, இது கழுகு என்றும், வளையத்தை யாரோ தவறாகப் பற்றவைத்துவிட்டார்கள் என்றும், அதை வெட்டித் தலைப்பக்கம் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். கொக்கியில் நண்டு போன்ற மிகச் சிறிய முத்திரை இருக்கிறது. மாற்றலாமா? கற்கள் வைரமா?
— வாசகி, புதுச்சேரி

மாற்ற வேண்டாம். அந்த வளையத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பறவை தலைகீழாகத் தொங்கவில்லை, வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பிரான்சு நாட்டில் இந்தப் பதக்கத்துக்கு 'சேந்தெஸ்ப்ரி' என்று பெயர். 'பரிசுத்த ஆவி' என்பதுதான் அதன் பொருள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நார்மண்டி, ஓவெர்ன் முதலிய பகுதிகளின் பெண்கள் இதைக் கழுத்தில் அணிந்தார்கள். திருச்சபையில் உறுதிபூசுதல் பெறும் இளம்பெண்ணுக்குக் குடும்பத்தார் இதைப் பரிசளிப்பதும் உண்டு. உறுதிபூசுதலில் பெறுவது பரிசுத்த ஆவியின் கொடைகளை என்பதால், அந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான நகையை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெற்றுக் கரையேறும்போது வானம் திறக்க, ஆவியானவர் புறாவைப்போல இறங்கினார் என்று நற்செய்திகள் சொல்கின்றன. அந்த நொடியைத்தான் தட்டார் உலோகத்தில் பிடித்திருக்கிறார். மேலிருந்து நேராக இறங்கும் பறவைக்குத் தலை கீழே இருக்கும், வால் மேலே இருக்கும், இறக்கைகள் இரு பக்கமும் விரிந்திருக்கும். ஆகவே வளையம் வால் பக்கம்தான் அமைய வேண்டும். கழுகு என்பதற்கும் இடமில்லை. ஐரோப்பிய அரச சின்னங்களில் வரும் கழுகு தலை நிமிர்ந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கால் நகங்களைக் காட்டி நிற்கும். உங்கள் பறவைக்கு நகங்களே தெரியவில்லை என்று நீங்கள் அனுப்பிய படத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். வளையத்தைத் தலைப்பக்கம் மாற்றினால் பறவை மேலே பறக்கத் தொடங்கிவிடும். நகை சொல்ல வந்த செய்தி அத்தோடு போய்விடும்.

கற்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவை வைரமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரைன் நதிப் படுகையில் கிடைத்த நிறமற்ற படிகக் கற்களையும், பிறகு ஈயம் கலந்து வார்த்துப் பட்டை தீட்டிய கண்ணாடியையும் இந்தப் பதக்கங்களில் பதித்தார்கள். அந்தக் கண்ணாடிக்கு 'ஸ்ட்ராஸ்' என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்ட்ராஸ் (1701–1773) என்ற நகை வணிகர். ஸ்ட்ராஸ்பூர் நகரின் அருகில் பிறந்து பாரிசில் தொழில் செய்த அவர், 1734இல் அரசரின் நகை வணிகர் என்ற தகுதியையே பெற்றார். வைரம் வாங்க வழியில்லாதவர்களுக்கான போலி என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோயிலுக்குள் நடந்துவரும் ஒரு பெண்ணின் மார்பில் இந்தக் கண்ணாடிப் புறா எப்படி ஒளிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நற்செய்தி சொல்லும் ஒளியை ஓர் உழவர் குடும்பம் தன் கைக்கெட்டிய விலையில் பெற்றது என்றே நான் இதைக் கருதுகிறேன்.

நண்டு முத்திரை உங்கள் நகையின் வயதுக்கு ஒரு துப்பு. பிரான்சில் 1838 முதல் சிறிய வெள்ளிப் பொருள்களுக்குப் பாரிசில் காட்டுப்பன்றித் தலையும், மற்ற ஊர்களில் நண்டும் தர முத்திரையாகக் குத்தப்பட்டன. 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை. எனவே அந்தக் கொக்கி 1838க்குப் பிற்பட்டது, பாரிசுக்கு வெளியே முத்திரை பெற்றது. ஆனால் கொக்கி தேய்ந்து பின்னாளில் மாற்றப்பட்டிருந்தால் பதக்கம் அதைவிட மூத்ததாகவும் இருக்கலாம். பதக்கத்தின் பின்புறத்திலும் விளிம்பிலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வேறு முத்திரை உண்டா என்று பாருங்கள்.

அலகில் உள்ள கிளை பெரும்பாலும் ஒலிவக் கிளைதான்; சில பதக்கங்களில் திராட்சைக் குலையோ பூங்கொத்தோ இருக்கும். ஒலிவ இலை திருமறையின் வெள்ளக் கதையில் வரும் நோவாவின் புறாவுக்கு உரியது, கீழ்நோக்கிய உடல் யோர்தானின் புறாவுக்கு உரியது. இரண்டு கதைகளையும் ஒரே பறவைக்குள் இணைத்திருக்கிறார்கள். அப்படி இணைப்பது அறியாமையால் நேர்ந்ததன்று. அதற்கான காரணம் அடுத்த விடையில் வருகிறது. நிறக் கற்கள் இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மறைபொருள் தேட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நெருப்பையும் பச்சை இலையையும் குறிக்கலாம். பட்டறையில் அன்றைக்கு இருந்த கல்லாகவும் இருக்கலாம்.

திருமறையில் கழுகு, காகம், குருவி எனப் பல பறவைகள் வருகின்றன. அவற்றுள் புறா மட்டும் பரிசுத்த ஆவியின் உருவமாக நிலைத்தது எப்படி? நகைகளில் அது எப்போது வந்தது? அதுவே ஏற்ற உருவம் என்று உறுதியாகச் சொன்னவர் யார்?
— வாசகர், பாளையங்கோட்டை

'புறாவைப்போல இறங்கினார்' என்பது இறங்கிய விதத்தைக் குறிக்கிறதா, இறங்கியவரின் வடிவத்தைக் குறிக்கிறதா என்று ஒருவர் ஐயப்படலாம். லூக்கா அந்த ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 'ரூபங்கொண்டு' என்ற சொல்லை அவர் சேர்த்துவிட்டார். கிறித்தவக் கலை முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் புறா அதற்கு முன்பே பொருள் நிறைந்த பறவை. வெள்ளம் வடியும் வேளையில் நோவா முதலில் காகத்தை விடுகிறார், பிறகு புறாவை. முதல் முறை கால் வைக்க இடமில்லாமல் திரும்புகிறது, 7 நாள் கழித்து ஒலிவ இலையோடு வருகிறது, மேலும் 7 நாள் கழித்து விட்டபோது திரும்பவே இல்லை. நீரிலிருந்து பிறந்த புதிய உலகத்துக்குச் செய்தி கொண்டுவந்த பறவையும், நீரிலிருந்து எழுந்த இயேசுவின் மேல் இறங்கிய பறவையும் ஒன்றின் நிழல் மற்றொன்று என்று கி.பி. 200 அளவில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன் திருமுழுக்கைப் பற்றிய தம் நூலில் எழுதினார். புதுச்சேரிப் பதக்கத்தின் அலகில் ஒலிவக் கிளை இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத தாய் இரண்டு புறாக்களைக் காணிக்கையாகக் கொடுக்கலாம் என்பது மோசேயின் சட்டம். மரியாளும் யோசேப்பும் அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் எருசலேமில் செலுத்தினார்கள். ஏழைகள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பறவையாகவும் புறா இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நகையைப் பொறுத்தவரை நம்மிடம் உள்ள மிகப் பழைய அறிவுரை அலெக்சாந்திரியா நகரின் கிளெமெந்து எழுதியது. 2ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டியது. அக்காலத்தில் கடிதங்களுக்கு மெழுகில் முத்திரையிட மோதிரம் தேவைப்பட்டது. பிற தெய்வங்களின் உருவமும் வாளும் கிண்ணமும் பொறித்த மோதிரத்தைக் கிறித்தவர் அணியலாகாது. புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைப் பொறித்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதினார். அந்தப் பட்டியலில் சிலுவை இல்லை, புறா இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளிலும் 'சமாதானத்தில் இளைப்பாறுகிறார்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒலிவக் கிளை ஏந்திய புறாவைக் காணலாம். அங்கே அது பரிசுத்த ஆவியைவிட இறந்தவரின் ஆன்மாவையே பெரிதும் குறிக்கிறது.

கிரேக்க மொழியில் புறாவுக்கு 'பெரிஸ்தெரா' என்று பெயர். அம்மொழியில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. அந்தச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 801 வரும்; முதல் எழுத்தாகிய அல்பாவின் 1, கடைசி எழுத்தாகிய ஓமேகாவின் 800 ஆகியவற்றைக் கூட்டினாலும் 801. இதில் ஆழ்ந்த மறைபொருள் இருப்பதாக 2ஆம் நூற்றாண்டில் ஒரு குழுவினர் போதித்ததை இரேனேயு என்ற ஆயர் கண்டித்து எழுதினார். கண்டனத்துக்கு உள்ளான கணக்கு என்றாலும், சொல்லையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கும் அந்நியமன்று என்பதால் குறிப்பிடுகிறேன்.

உறுதியாகச் சொன்னவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1745இல் ஆக்ஸ்பூர்க் ஆயருக்கு எழுதிய மடலில் இதைத் தெளிவாக்கினார். பரிசுத்த ஆவியை அழகிய இளைஞனாக வரையும் வழக்கம் அந்தப் பகுதியில் பரவியிருந்தது. அதை ஏற்க முடியாது, திருமறை காட்டிய புறா உருவமே ஏற்றது என்று அவர் எழுதினார். சேந்தெஸ்ப்ரி பதக்கங்கள் பரவலான காலமும் அதுதான்.

ஓவியத்திலும் எனாமல் வேலையிலும் ஒரு நம்பத்தகுந்த அடையாளம் உண்டு. புறாவின் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்துக்குள் சிலுவைக் கோடுகள் இருந்தால் அது பரிசுத்த ஆவிதான், ஏனெனில் சிலுவை ஒளிவட்டம் கடவுளுக்கு மட்டுமே உரியது. சிலுவையின் மேல் 12 புறாக்கள் அமர்ந்திருந்தால் அவை திருத்தூதர்கள். உரோமையில் புனித கிளெமெந்து ஆலயத்தின் 12ஆம் நூற்றாண்டு மொசைக்கில், அதாவது சிறு துண்டுகளைப் பதித்து அமைத்த படத்தில், அதைப் பார்க்கலாம்.

சிலுவையின் கீழ் ஒரு சிறிய புறா தொங்கும் பதக்கத்தை ஹூகனோ சிலுவை என்கிறார்கள். பிரெஞ்சு அரசர்கள் அணிந்த பரிசுத்த ஆவி விருதின் சிலுவையும் ஏறக்குறைய இதே வடிவில் இருக்கிறதே? ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டதா?
— கல்லூரி மாணவி, சென்னை

வந்த கேள்விகளில் என்னை அதிகம் நினைக்கவைத்தது இதுதான்.

அரசர் 3ஆம் ஹென்றி 1578 டிசம்பர் 31 அன்று பரிசுத்த ஆவியின் வீரர் குழுவை நிறுவினார். அவர் 1574இல் பிரெஞ்சு அரியணைக்கு உரியவரானது, சீடர்கள் மேல் ஆவியானவர் இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்து நாளில்; அதற்கு முந்தைய ஆண்டு போலந்தின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே திருவிழாவை ஒட்டித்தான். ஆவியானவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவர் எண்ணினார். கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக் கிறித்தவருக்கும் நாடு முழுவதும் போர் நடந்த காலம் அது; உயர்குடியினரை அரசரோடும் கத்தோலிக்க சமயத்தோடும் பிணைத்து வைப்பதும் குழுவின் நோக்கம். வீரர்கள் 100 பேர் மட்டுமே. அவர்கள் அணிந்த சிலுவைக்கு 8 முனைகள், முனைக்கு ஒரு சிறு குமிழ், கைகளுக்கு இடையில் அரச சின்னமான அல்லிப்பூ, நடுவில் தலைகீழாய் இறங்கும் வெள்ளைப் புறா. அது தொங்கிய நீல நாடாவின் பெயரான 'கொர்தோன் ப்ளூ' இன்று சமையற்கலைக்கு உரியதாகிவிட்டது.

அடுத்த நூற்றாண்டுக்கு வாருங்கள். சீர்திருத்தக் கிறித்தவர்களான ஹூகனோக்களுக்கு 1598இல் நாந்து நகரச் சட்டம் அளித்த வழிபாட்டு உரிமையை 14ஆம் லூயி 1685 அக்டோபரில் பறித்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், ஏறத்தாழ 2 இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். ஓடாமல் எஞ்சியவர்கள் காடுகளிலும் குகைகளிலும் மறைந்து கூடி வழிபட்டார்கள். அந்த ஆண்டுகளில், 1688 அளவில், தெற்கே நீம் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் ஹூகனோ சிலுவையைச் செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 8 முனைகளும் குமிழ்களும் அப்படியே இருக்கின்றன. கைகளுக்கு இடையில் அல்லிப்பூவும் இருக்கிறது. ஆகவே அரச விருதின் சிலுவைக்கும் இதற்கும் உள்ள உறவை மறுக்க முடியாது என்பதே என் கருத்து. தங்களைத் துரத்திய அரசர் எந்தப் புறாவை மார்பில் அணிந்தாரோ, அதே புறாவைத் துரத்தப்பட்டவர்களும் அணிந்துகொண்டார்கள்.

ஆனால் ஒரு மாற்றத்தைச் செய்தார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசரின் சிலுவையில் புறா நடுவில் அசையாமல் பதிந்திருக்கிறது. ஹூகனோ சிலுவையிலோ அது நடுவைவிட்டு வெளியே வந்து, ஒரு சிறு வளையத்தில் கீழே தொங்குகிறது; அணிந்தவர் நடந்தால் அதுவும் அசைகிறது. அருள் அரியணையின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, அது நேராக மனிதரிடம் இறங்குகிறது என்று நம்பிய மக்களுக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருந்துகிறது! பொற்கொல்லர் இப்படி எண்ணித்தான் செய்தார் என்று நான் சாதிக்கவில்லை. நகையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

சில பழைய சிலுவைகளில் புறாவுக்குப் பதிலாகத் துளி வடிவம் ஒன்று தொங்கும். உலக்கை என்ற பொருளில் தெற்கத்திப் பேச்சில் அதை 'திரிசு' என்பார்கள். அதைக் கண்ணீர் என்பாரும் உண்டு, பெந்தெகொஸ்து நெருப்பின் நாக்கு என்பாரும் உண்டு, திருத்தைலக் குப்பி என்பாரும் உண்டு. 8 முனைகள் மலைப்பொழிவின் 8 பேறுகள், நான்கு அல்லிகளின் 12 இதழ்கள் திருத்தூதர்கள், அல்லிகளுக்கு இடையில் தெரியும் வெற்றிடம் இதயம் என்று விரியும் விளக்கங்கள், சிலுவையை அணிந்த தலைமுறைகள் பின்னர் வாசித்த பொருள் என்றே கொள்ள வேண்டும். ஓடிச் சென்றவர்களின் வழியினர் இன்றும் பெர்லினிலும் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்ஷுக் பள்ளத்தாக்கிலும் வாழ்கிறார்கள். அங்கெல்லாம் இந்தச் சிலுவை, முன்னோர் யார் என்பதைச் சொல்லும் அடையாளமாகவும் அணியப்படுகிறது.

2023இல் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, செங்கோல் ஒன்றின் உச்சியில் புறா இருந்தது. போர்ப்படைக்குத் தலைவரான அரசருக்குப் புறா எதற்கு?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

முடிசூட்டும்போது மன்னர் இரண்டு செங்கோல்களைக் கையில் ஏந்துகிறார். சிலுவை உள்ளது ஆட்சி அதிகாரத்தைக் குறிக்கும். புறா உள்ளது நீதியையும் இரக்கத்தையும் குறிக்கும். இறக்கை விரித்த வெள்ளை எனாமல் புறாவைத் தாங்கிய அந்தத் தங்கக்கோல் 1661இல் 2ஆம் சார்லசுக்காகச் செய்யப்பட்டது. பழைய அரச அணிகள் உள்நாட்டுப் போருக்குப் பின் உருக்கப்பட்டுவிட்டதால் பெரும்பாலானவற்றைப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. அரசிக்கு உரிய தந்தக்கோல் 1685இல் வந்தது. அதன் உச்சியிலுள்ள புறா இறக்கையை மடக்கி அமர்ந்திருக்கிறது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க அட்லாண்டிக் பெருங்கடலில் போர்த்துகலுக்கு உரிய அசோரஸ் தீவுகளுக்குப் போக வேண்டும். அங்கே பரிசுத்த ஆவியின் திருவிழா பெந்தெகொஸ்தை ஒட்டிப் பல வாரங்கள் நடக்கும். உச்சியில் புறா அமர்ந்த வெள்ளிக் கிரீடமும் புறாவில் முடியும் செங்கோலும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவற்றைச் சூடுவது அரசர் அல்லர். ஊரிலுள்ள சாதாரண மனிதர், சில வேளை ஒரு குழந்தை. அன்றைக்கு அவரே பேரரசர். இறைச்சியும் ரொட்டியும் சேர்ந்த சூப்பு எல்லாருக்கும், ஏழைகளுக்கு முதன்மையாகவும், பரிமாறப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டுப் போர்த்துகல் அரசி புனித இசபெல் தம் கிரீடத்தை ஓர் ஏழைக்குச் சூட்டியதே இதற்குத் தொடக்கம் என்று அம்மக்கள் சொல்கிறார்கள். புறாவைத் தாங்கிய செங்கோல்களுள் எனக்கு நெருக்கமானது இதுதான்.

இங்கிலாந்தில் பணிபுரிந்த தாத்தா வாங்கிவந்த ஊசிப் பதக்கம் எங்களிடம் இருக்கிறது. நீலப் பசுங்கற்கள் நெருக்கமாகப் பதித்த புறா, அலகிலிருந்து சிறு இதயம் ஒன்று தொங்குகிறது. இதயத்தின் பின்புறம் கண்ணாடிக்குள் ஏதோ முடி போல் தெரிகிறது. இதுவும் பரிசுத்த ஆவிதானா?
— வாசகி, கோயம்புத்தூர்

இல்லை, இது காதலின் அல்லது நினைவின் புறா. 1840களில் விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் இவை மிகவும் விரும்பி அணியப்பட்டன. நீங்கள் நீலப் பசுங்கல் என்று குறிப்பிடுவது டர்காய்ஸ். 'என்னை மறவாதே' என்ற பெயருடைய சிறு பூவின் நிறம் அது என்பதால் நினைவுக்கு உரிய கல்லாக எண்ணப்பட்டது. பின்புறம் தெரிவது முடியேதான். அன்புக்குரியவரின் கூந்தலிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்து அணிவது அக்கால வழக்கம். உயிரோடு இருப்பவரின் முடியையும் அப்படி வைத்தார்கள் என்பதால், இது இறந்தவர் நினைவாகச் செய்ததுதான் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்; பெயரும் நாளும் செதுக்கியிருந்தால் மட்டுமே உறுதியாகும்.

இறக்கத்தைப் பாருங்கள். உங்கள் புறா பக்கவாட்டில் பறக்கிறது, தூது கொண்டுவருகிறது. நேர் கீழாக இறங்கவில்லை. கிரேக்க, உரோமைக் கதைகளில் புறா காதல் தேவதை வீனசின் பறவை. இதயமும் அம்பறாத்தூணியும் இணைப்புறாக்களும் அந்த வழியில் வந்தவை. ஒலிவ இலை தாங்கியிருந்தால் சமய நினைவும் கலந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட விரும்புகிறேன். விக்டோரியா 1840 பிப்ரவரி 10 அன்று திருமணம் செய்தபோது தம் 12 தோழியருக்கு டர்காய்ஸ் பதித்த பறவைப் பதக்கங்களைப் பரிசளித்தார். அவற்றைப் புறா என்று பலர் எழுதுகிறார்கள். மாணிக்கக் கண்ணும் வைர அலகும் முத்துகளைப் பற்றிய நகங்களும் கொண்ட அது, மணமகன் ஆல்பர்ட்டின் கோபூர்க் குடும்பத்துக் கழுகு. புதுச்சேரியில் புறாவைக் கழுகு என்றார்கள். இங்கே கழுகைப் புறா என்கிறார்கள். இரண்டிலும் நகங்களைப் பார்த்திருந்தால் போதும்.

எங்கள் வீட்டுப் பதக்கம் ஒன்றில், கிண்ணத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள், ஒன்று தண்ணீர் குடிக்கிறது. கடுகைவிடச் சிறிய கண்ணாடித் துண்டுகளால் ஆனது. உரோமையில் வாங்கியதாம். பொருள் என்ன?
— வாசகர், திண்டுக்கல்

பெர்கமோன் நகரத்து சோசுஸ் என்ற கலைஞரின் மொசைக்கில் தண்ணீர் குடிக்கும் புறா ஒன்று தன் தலையின் நிழலால் நீரை இருளச் செய்வதாகக் கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமை எழுத்தாளர் பிளினி வியந்து எழுதினார். திவோலியிலுள்ள பேரரசர் ஹேட்ரியனின் மாளிகையில் 1737இல் அத்தகைய மொசைக் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது; இன்று உரோமையின் கப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாக்கொமோ ரஃபாயெல்லி (1753–1836) போன்ற கைவினைஞர்கள் அதை நுண்ணிய அளவில் படியெடுத்தார்கள். பயணிகள் வாங்கிச் சென்றார்கள். மூலப்படம் கிறித்தவத்துக்கு உரியதன்று. ஆயினும் 5ஆம் நூற்றாண்டிலேயே ரவென்னாவில் காலா பிளாசிடியாவின் நினைவுக் கட்டடத்தில், கிண்ணத்தில் நீர் அருந்தும் புறாக்களை வாழ்வின் ஊற்றில் பருகும் ஆன்மாக்களாகக் கிறித்தவர்கள் அமைத்துவிட்டார்கள். உங்கள் பதக்கத்தை வாங்கியவர் எந்தப் பொருளில் வாங்கினார் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

இறங்கும் புறா நம் நாட்டுக் கலையில் எங்கேனும் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

சென்னைப் பரங்கிமலைக்குப் போய்ப் பாருங்கள். மலைமேல் உள்ள ஆலயத்தின் பீடத்தில் கருங்கல் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 1547இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. அதில் செதுக்கிய சிலுவையின் உச்சிக்கு நேர் மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சிலுவையைச் சூழ்ந்து நம் கோயில்களின் தோரணத்தை நினைவூட்டும் வளைவு, அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பகலவி எழுத்து. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கீழைத் திருச்சபையோடு உறவு கொண்டிருந்த கிறித்தவர்கள் செதுக்கியது இது. கோட்டயத்து வலியபள்ளி உள்ளிட்ட கேரள ஆலயங்கள் சிலவற்றிலும் இதன் உடன்பிறப்புகள் உள்ளன. இதில் உயிர்த்த கிறிஸ்துவின் வெறுஞ்சிலுவையும் அதன்மேல் இறங்கும் ஆவியும் ஒன்றாக இருக்கின்றன. துன்புறும் உடல் இல்லை. அந்த வடிவத்தைச் சிறு பதக்கமாக இன்று தோமா கிறித்தவர்கள் அணிகிறார்கள். தமிழகத்துக் கிறித்தவத் தாலிகளிலும் சிலுவையோடு புறாவைச் செதுக்குவதைக் காணலாம். தட்டாரிடம் சொல்லிச் செய்பவர்கள், புறா மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பதில் கிடைத்தது, வளையத்தை மாற்றவில்லை. டாலர் கறுத்திருக்கிறது. பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாமா? என் மகள் உறுதிபூசுதல் பெறுகிறாள். அன்று அணிவிக்க ஆசை.
— அதே வாசகி, புதுச்சேரி

தண்ணீரே படக் கூடாது. பழைய ஸ்ட்ராஸ் கற்களின் பின்புறம் பெரும்பாலும் உலோகத் தகட்டால் மூடப்பட்டிருக்கும். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகத் தாள் இருக்கும். நம் பக்கத்துக் குந்தன் வேலையில் கல்லுக்கு அடியில் தாள் வைப்பதைப் போன்றது அது. ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் தாள் கறுத்து, கல் ஒளியிழந்துவிடும். பிறகு சரிசெய்வது கடினம். பூந்திக்கொட்டை, புளி, பற்பசை, வெள்ளி துலக்கும் திரவம் எதுவும் வேண்டாம். கண்ணாடி எளிதில் கீறல் படும் என்பதால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, வெள்ளிப் பகுதியை மட்டும் பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள். இறக்கை இணைப்புகள் ஆடினால் பழைய நகை வேலை தெரிந்த பத்தரிடம் காட்டுங்கள். நெருப்பு வைத்து ஊதினால் கற்கள் வெடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகளுக்குக் கட்டாயம் அணிவியுங்கள். வெள்ளிச் சங்கிலியைவிட, பிரான்சில் அணிந்ததைப் போலக் கறுப்பு வெல்வெட் நாடாவில் கோத்து, கழுத்தெலும்புக் குழிக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கட்டுங்கள். புறா அவள் நெஞ்சை நோக்கி இறங்குவது போலிருக்கும்.